வெளிச்சம் உறையுமா?

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் கணவர் சொல்வார். உண்மைதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் அது தெரியும், வாசலுக்கு வரும் மீன்காரருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கோபமெல்லாம் காலையில் ஏறிப் பகல் சோற்றோடு இறங்கிவிடும். ஒரு டோர்ச் லைட்டால் வந்த கோபம் மட்டும் இறங்கவில்லை. போன மாரியில் வந்தது. இந்த மாரியும் வந்துவிட்டது. இன்னும் நினைத்தால் காது சுடுகிறது. அந்த லைட்டால் ஒரு நல்ல மனிதரின் பேர் கெட்டது. கெடுத்தவர்களில் முதல் ஆள் நான்.

நான் நிந்தவூரில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கணவருக்குக் கல்முனையில் புடைவைக் கடை. மேற்கே காட்டோரமாக எங்களுக்கு நாலு ஏக்கர் வயல் இருக்கிறது. எங்களுக்கு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அது உம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த காணி, உறுதிப் பத்திரத்தில் என் பேர்தான் இருக்கிறது. ஆனால் செய்கை பார்ப்பது அவர். எந்த நெல்லை விதைப்பது, யாரைக் காவலுக்கு வைப்பது, எப்போது வெட்டுவது எல்லாம் அவர் முடிவு. நான் உறுதியை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன், கூடவே என் வாயையும் பூட்டிக்கொண்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் நான் கையாலாகாதவள் என்று எனக்காகப் பரிதாபப்படக் கூடாது.

காவலுக்கு இருந்தவர் பாலமுனைக்காரர். அறுபது தாண்டிய மெலிந்த மனிதர். வயலைப் பொறுப்பெடுத்துப் பார்க்கிற ஆளை இங்கே முல்லைக்காரர் என்போம். விதைத்த நாளிலிருந்து வெட்டு முடியும்வரை வயலோரத்து வாடிக் குடிசையிலேயே கிடப்பார். பகலில் தண்ணீர் கட்டுவார், பொழுதுபட்டால் யானை பார்ப்பார். ஏழு போகமாக எங்கள் வயலைக் காத்தவர். அந்த ஏழு போகத்தில் எலி தின்றது உண்டு, வெள்ளம் தின்றது உண்டு, யானை தின்றதில்லை.

அவரிடம் இருந்த பழைய டோர்ச் செத்துப் போனது. கணவர் கடைத்தெருவில் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். சின்னதுதான், கறுப்பு அலுமினியம். அதன் தலையை முன்னுக்கு இழுத்தால் வெளிச்சம் ஒடுங்கித் தூரத்துக்குப் போகும். பின்னுக்குத் தள்ளினால் அகன்று காலடியில் பரவும். பெட்டியில் எழுதியிருந்ததை நம்பினால் அந்த வெளிச்சம் அக்கரைப்பற்றுவரை போக வேண்டும். எங்கள் ஒழுங்கையின் தெருமுனைவரை போனது, அதுவே போதுமாக இருந்தது.

வாங்கி வந்த அன்றே ஒரு தகராறு. தலையை முழுக்க இழுத்துச் சுவரில் அடித்தால் வெளிச்சம் வட்டமாக விழவில்லை, சதுரமாக விழுந்தது. பழைய குமிழ் டோர்ச்சில் வட்டத்தைப் பார்த்துப் பழகியவர் இவர். ஏமாற்றிவிட்டான் என்று கடைக்குத் திரும்ப ஓடினார். கடைக்காரர், இந்த லைட் எல்லாம் அப்படித்தான் என்று ஒரே வசனத்தில் அனுப்பிவிட்டார். நான்தான் விளக்கம் சொன்னேன். உள்ளே இருக்கும் எல்ஈடி ஒரு சின்னச் சதுரத் தகடு. முன்னால் இருக்கிற கண்ணாடி குவிவு வில்லை. வில்லையும் தகடும் சரியான தூரத்தில் நின்றால் அந்தத் தகட்டின் படமே சுவரில் விழும். சதுரம் கூராக விழுந்தால் லைட் சரி, கலங்கி விழுந்தால்தான் பிழை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்கிற பாடம்தான். அவர் தலையை ஆட்டினார். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சதுரம் சரி, ஆனால் தலை இறுக்கமாக இருந்தது. இழுக்கும்போது கிறீச்சென்றது. உடலுக்கும் தலைக்கும் நடுவில் தண்ணீர் போகாமல் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அது காய்ந்து கிடந்தது. நான் குசினிக்குப் போய்ப் பஞ்சில் தேங்காயெண்ணெய் தொட்டு வந்து பூசினேன். எங்கள் வீட்டில் கதவுப் பிணைச்சலுக்கும் தேங்காயெண்ணெய், பூட்டுக்கும் தேங்காயெண்ணெய், தலைக்கும் தேங்காயெண்ணெய், பிள்ளைக்குச் சிரங்கு வந்தாலும் தேங்காயெண்ணெய். யாரும் இதை யோசித்துச் செய்வதில்லை. கை தானாகப் போத்தலுக்குப் போகும். இரண்டு தரம் இழுத்துத் தள்ளியதும் தலை வழுக்கிக்கொண்டு போனது. லைட் வாடிக்குப் போனது.

தை பிறக்கிற நேரம். நெல் குடலை தள்ளி நின்றது, கதிர் வெளியே வருவதற்குச் சில நாட்கள்தான். யானைக்கு அந்த மணம் எப்படித்தான் போய்ச் சேருமோ தெரியாது. ஒரு லீவு நாள் காலை பத்து மணி இருக்கும், முல்லைக்காரர் எங்கள் கடப்படி வாசலில் வந்து நின்றார். முழங்கையில் தோல் வழன்றிருந்தது. சாரமெல்லாம் சேறு. ஒரு தனியன் யானை வெள்ளாப்பில், விடியற்காலைச் சுபஹு பாங்கு சொல்கிற நேரத்தில் இறங்கி, ஒரு மூலையை உழக்கிவிட்டுப் போயிருந்தது. அவர் பின்னுக்கு ஓடி வாய்க்காலில் விழுந்திருக்கிறார். அகன்ற வெளிச்சத்தை யானை சட்டை செய்யாது என்பது அவர் அனுபவம். ஒடுங்கிய வெளிச்சம் தூரத்திலேயே கண்ணில் விழுந்தால்தான் திரும்பும். ஒடுக்க முடியவில்லை என்றார்.

"லைட் உறைஞ்சி போகுது டீச்சர்," என்றார் என்னைப் பார்த்து. "வெள்ளாப்பில இழுத்தா வருகுதில்ல. அதுட மூஞ்சியும் வெளுத்துப் போகுது. கொஞ்ச நேரம் எரிய விட்டா இளகுது. அது இளகுமட்டும் ஆன நிக்குமா?"

கணவர் அவர் கையிலிருந்து லைட்டை வாங்கி இழுத்தார். வெண்ணெயில் கத்தி போல வந்தது. தள்ளினார், போனது. நிழலான சுவரில் அடித்தார், சதுரம் அச்சடித்த மாதிரி விழுந்தது. வெளிச்சம் உறைவதை எந்தக் கிதாபில் படித்தீர்கள் என்று கேட்டார். நான் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். மெல்லிய புன்னகை அல்ல, வாய்விட்டுச் சிரித்தேன். வெளிச்சம் உறைகிறதாம். தண்ணீர் உறையும், தயிர் உறையும், வெளிச்சம் எப்படி உறையும்? ஒரு விஞ்ஞான ஆசிரியையிடம் வந்து சொல்கிற பேச்சா இது? முல்லைக்காரர் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, பார்த்துத் தாருங்கள் என்று லைட்டை விட்டுவிட்டு, தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

பார்த்தேன். முறைப்படிதான் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் பழைய பத்திரிகையை விரித்து, லைட்டை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். முதலில் பெட்டரி. புதியதைப் போட்டும் அதே வெளிச்சம்தான், அதனால் பெட்டரியில் பிழை இல்லை. பிறகு எல்ஈடி இருக்கிற தட்டு. அது தளர்ந்து ஆடினால் தூரம் மாறி வெளிச்சம் கலங்கும். இறுக்கமாக இருந்தது. பிறகு வில்லை. அதன் தட்டைப் பக்கம் உள்ளே, வயிறு வெளியே இருக்க வேண்டும். யாராவது கழற்றித் துடைத்துத் தலைகீழாகப் போட்டிருந்தால் எவ்வளவு இழுத்தாலும் சதுரம் விழாது. சரியாகத்தான் இருந்தது. உள்பக்கம் கொஞ்சம் மங்கலாகக் கண்டது, முந்தானையால் துடைத்தேன். அது என்ன மங்கல் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். யோசிக்கவில்லை. கடைசியாக ரப்பர் வளையம். அதில் எண்ணெய் காய்ந்துவிட்டது போல் எனக்குப் பட்டது. இந்த முறை பஞ்சு போதாது என்று போத்தலிலிருந்தே தாராளமாக விட்டேன்.

பூட்டி, மண்டபத்துச் சுவரில் அடித்துப் பார்த்தேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சதுரம் கூராக விழுந்தது, தலை விரல் பட்டதும் வழுக்கியது. டோர்ச்சில் ஒரு பிழையுமில்லை என்று கணவரிடம் சொன்னேன். நீதவான் தீர்ப்பு வாசித்த மாதிரி சொன்னேன்.

நாலு நாள் கழித்துத் தனியன் மறுபடி இறங்கியது. இந்த முறை மூலை இல்லை, நடுவயல். முல்லைக்காரர் திரும்பவும் வந்து அதே சொல்லைச் சொன்னார், முந்தியதைவிட மோசமாக உறைகிறது என்றார். கணவர் வாங்கி இழுத்தார். பட்டப்பகலில் அது ஏன் உறையப் போகிறது? அவர் முகம் மாறிவிட்டது. நித்திரை கொண்டுவிட்டு லைட்டின் மேல் பழி போடுவதாகச் சொன்னார். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம் என்று பழமொழி வேறு. உங்கட போகஸ் சரியில்லை, எங்கட போகம் போய்விட்டது என்று வார்த்தை விளையாட்டும் விட்டார், அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். கடைசியில், ஏழு போகமாகச் சோறு போட்ட வீட்டுக்குப் பொய் சொல்லலாமா என்று கேட்டார்.

முல்லைக்காரர் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், லைட்டப் பாத்தது நீங்கதானே. நீங்க சொல்லுங்க," என்றார்.

நான் பார்த்தேன், ஒரு பிழையுமில்லை என்றேன். காணி என்னுடையது, லைட்டைக் கழற்றியவள் நான், அந்த மனிதரின் ஏழு போகம் அந்த நிமிஷத்தில் என் வாயில் இருந்தது. ஒரு பிழையுமில்லை என்றேன். அவர் வாடிக் கதவின் திறப்பை மதிலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதோடு விட்டேனா? இல்லை. அடுத்த நாள் இடைவேளையில் ஆசிரியர் அறையில் இதைக் கதையாகச் சொன்னேன். அவர் குரலிலேயே இழுத்துச் சொன்னேன்: "லைட் உறைஞ்சி போகுது டீச்சர்." எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு இன்னும் உற்சாகம் வந்தது, இரண்டாம் தரமும் நடித்துக் காட்டினேன். எங்கள் பக்கத்தில் ஆளுக்கொரு பட்டப்பேர் உண்டு. சிலருக்கு அது பிறந்த பேரைத் தின்றுவிடும், செத்தபின் மையத்து அறிவித்தலில்கூடப் பட்டப்பேரைச் சொன்னால்தான் ஊருக்கு ஆளைத் தெரியும். பட்டப்பேர் போடுவதற்கு இங்கே யாரும் கூட்டம் வைப்பதில்லை. ஒருவர் சிரிக்கச் சொல்வார், பத்துப் பேர் எடுத்துப் போவார்கள், அவ்வளவுதான். எங்கள் ஆசிரியர்களில் பாதிப் பேர் பஸ்ஸில் வருகிறவர்கள். ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று ஒவ்வொரு தரிப்பிலும் அந்தக் கதை இறங்கியது.

கணவர் தன் பங்குக்கு வட்டை விதானையிடம் சொல்லிவிட்டார். வட்டை என்றால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாயும் வயல்களெல்லாம் சேர்ந்த வெளி. அதற்குப் பொறுப்பானவர்தான் விதானை. அவர் காதில் விழுந்தால் வயற்சொந்தக்காரப் போடிமார் எல்லாரின் காதிலும் விழுந்த மாதிரி. நித்திரை கொள்கிற ஆளை ஒருவேளை மன்னித்துக் காவலுக்கு வைப்பார்கள். நித்திரை கொண்டுவிட்டுப் பொய் சொல்கிற ஆளை வைக்க மாட்டார்கள்.

இரண்டு கிழமை போயிருக்கும். மழை விட்டுப் பனி கூடின நாட்கள். புதிதாக வந்த காவலாள் தன்னுடைய லைட்டையே கொண்டு வந்தார், எங்கள் லைட் வீட்டுக் கிணற்றடிச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. சுபஹு தொழுதுவிட்டு நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். கணவர் குளித்துவிட்டு வந்து, தலைக்கு வைக்க எண்ணெய்ப் போத்தலை எடுத்தார். கவிழ்த்தார், வரவில்லை. உள்ளங்கையில் தட்டினார், வரவில்லை.

"எண்ண உறைஞ்சி போச்சி," என்றார் எரிச்சலோடு. "இதக் கொஞ்சம் இளக்கித் தா."

தையில் இது எங்கள் வீட்டில் ஒவ்வொரு வருஷமும் கேட்கிற பேச்சு. போத்தலை அடுப்பு ஓரத்தில் வைப்பேன், இல்லையென்றால் வெயில் வரும்வரை மதிலில் வைப்பேன். அன்றும் வாங்கிக்கொண்டு இரண்டடி வைத்தேன். மூன்றாவது அடி வைக்க முடியவில்லை. கையில் இருந்த போத்தலைப் பார்த்தேன். கழுத்துவரை வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. உறைஞ்சி போகுது, மூஞ்சி வெளுத்துப் போகுது, எரிய விட்டா இளகுது. மூன்று சொல்லும் என் கையில் போத்தலாக இருந்தது.

கிணற்றடிக்குப் போய் லைட்டை எடுத்தேன். ஈய வாளி போலக் குளிர்ந்து கிடந்தது. தலையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. முந்தானையைச் சுற்றிப் பிடித்து இழுத்தேன். ஒரு நூலளவு அசைந்து நின்றுவிட்டது. எரிய விட்டால் வில்லையின் உள்ளே வெண்மையான படலம், வெளிச்சம் பாலாகக் கலங்கியது. கடலோரத்தில், வீட்டுச் சுவரில் இருந்தே இது இப்படி என்றால் காட்டோர வெளியில், பனியில் நனைந்து எப்படி இருந்திருக்கும்? எரிய விட்டபடியே கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் எல்ஈடியின் சூடு ஏறியது. தலை மெல்ல இளகியது. இழுத்தேன், வந்தது. சுவரில் சதுரம் விழுந்தது.

அந்த மனிதர் மூன்று விஷயம் கவனித்துச் சொல்லியிருந்தார், எந்த நேரத்தில் நடக்கிறது என்பதையும் சொல்லியிருந்தார். வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் அவதானம், அவதானம் என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். அவதானித்தவர் அவர். நான் வெள்ளாப்பில் நடந்த பிழையைப் பகல் பதினொரு மணிக்குத் தேடியவள். தேடியது மட்டுமா, பிழையைப் போத்தலோடு ஊற்றிக் கொடுத்தவளும் நான்தான். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். எனக்கு அளந்து தைத்த பழமொழி.

லைட்டைக் கொண்டுபோய்க் கணவரின் கையில் வைக்க முடியவில்லை, அது இளகிவிட்டது. மறுநாள் அதே நேரம்வரை காத்திருந்து, குளிர்ந்து கிடந்ததை எடுத்து அவர் கையில் வைத்து இழுக்கச் சொன்னேன். இழுத்தார். முகம் சிவக்க இழுத்தார். வரவில்லை. நான் பக்கத்தில் எண்ணெய்ப் போத்தலை வைத்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கிய ஆள் என்ன சொல்ல வேண்டும்? அவர் சொன்னது, சரி, நடந்தது நடந்துவிட்டது, புது ஆள் வைத்தாயிற்று, இனி இதைக் கிளறாதே என்று.

என் கோபம் எப்படியானது என்று அன்றைக்குத்தான் அவர் சரியாகப் பார்த்தார். நான் கத்தவில்லை. "காணி என்ட," என்றேன். "ஆள மாத்தினது நீங்க. பொய்யன் எண்டு சொன்னது நாம ரெண்டு பேரும். விதானைக்கிட்ட நீங்க போய்ச் சொல்லுங்க, அந்த மனுசன்கிட்ட நான் போறன்."

கல்யாணம் முடித்து இருபது வருஷத்தில் காணி என்னுடையது என்று நான் சொன்னது அதுதான் முதல் தரம். அவர் கடைத் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார். விதானையிடம் போனாரா என்று கேட்டேன். போகிறேன் என்றார். பிறகும் கேட்டேன். பிறகும் போகிறேன் என்றார். கடைசியில் நானே போனேன், அதற்கு நாலு மாதம் பிடித்தது. அது வேறு கோபம்.

கணவரிடம் அப்படிச் சொன்ன மறுநாள், பள்ளிக்கூடம் விட்டதும் அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினேன். லைட் கைப்பையில் இருந்தது. முதல் நாள் இரவே அதைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, எண்ணெயைக் கடைசித் துளிவரை துடைத்திருந்தேன். எண்ணெய் ஊறி ரப்பர் வளையம் பருத்துப் போயிருந்ததால் வேறு வளையம் வாங்கிப் போட்டேன். கடைக்காரர் அதற்கென்று ஒரு பசை தந்தார், குளிருக்கு உறையாதது. இதைச் செய்ய ஒரு மணித்தியாலம்கூடப் போகவில்லை. அதை நினைத்து நினைத்து வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே போனேன்.

பாலமுனையில் இறங்கிய பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஏழு போகமாக எங்கள் வயலில் கிடந்த மனிதரின் வீடு எங்கே என்று எனக்குத் தெரியாது. எந்த நாளும் அவர்தான் எங்கள் கடப்படிக்கு வந்தார். சந்தியில் சின்னக் கடை வைத்திருந்த ஒரு பெண்ணிடம் அவருடைய பேரைச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பேரில் இங்கே நாலு பேர் இருக்கிறார்கள், எந்த ஆள் என்றாள். மெலிந்த ஆள், வயசானவர் என்றேன். தெரியவில்லை. மேற்கே வயல் காவல் இருந்தவர் என்றேன். அவள் முகம் மலர்ந்தது.

"ஆ, உறைஞ்ச லைட்டா?" என்றாள்.

நான் ஆசிரியர் அறையில் விட்ட சிரிப்பு எனக்கு முன்னே வந்து அங்கே குந்தியிருந்தது. இல்லை, அவர் பேர் அதல்ல என்று சொல்ல வாய் எடுத்தேன். சொன்னால் வீடு தெரியாது. அவள் என் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம்," என்றேன்.

அவள் வலது பக்கத்து ஒழுங்கையைக் காட்டினாள். மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில், வாசலை மிதிக்க முந்தியே இன்னொரு தரம் அந்தப் பேரை அவர் மேல் ஒட்டிவிட்டேன்.

அவர் வீட்டு முன்னால் கிடுகு வேலி கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஸலாம் சொல்லிக் கதிரை எடுத்துப் போட்டார். மனைவி பிளேன்டீ கொண்டு வந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் லைட்டை எடுத்துக் காட்டி, எண்ணெய் போட்டதிலிருந்து கணவர் இழுத்து வராமல் நின்றதுவரை ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். நீங்கள் சொன்னது சரி, பிழை செய்தது நான் என்றேன். அவர் கிடுகுக் கயிற்றை விரலில் சுற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எண்ணையெண்டு எனக்குத் தெரியும் டீச்சர். மணந்திச்சி," என்றார்.

பிறகு ஏன் எண்ணெய் என்று சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரலில் கோபம்கூட வந்துவிட்டது. அந்த நேரத்திலும் அவர் மேல் ஒரு குற்றம் தேடுகிறேன் பாருங்கள்.

"உறையுது எண்டு சொன்னன்தானே," என்றார். "நம்மட ஊட்டில எண்ணைய விட்டா வேற என்ன உறையிற? உங்கட கையால போட்டத, மாப்பிள்ளத் தம்பிக்கு முன்னால பிழையெண்டு நான் எப்பிடிச் சொல்ற? உறையுது எண்டாப் போதும், நீங்க படிச்சவங்க, விளங்கும் எண்டு நினைச்சன்."

அடுத்த போகத்துக்கு நீங்கள்தான் காவல், காணி என்னுடையது, நான் சொல்கிறேன் என்றேன். அவர் அதைக் காதில் போட்ட மாதிரியே காட்டவில்லை. மூன்று வட்டையில் கேட்டுப் பார்த்ததாகவும் எங்கேயும் எடுக்கவில்லை என்றும் சொன்னார். அதைக்கூட அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்றார். பள்ளிவாசலில் தொழுகைக்குமுன் கைகால் கழுவி வுழுச் செய்யப் போனாலும் ஹவுழ்த் தொட்டியடியில் அந்தப் பேரைச் சொல்லித்தான் இடம் விடுகிறார்களாம். அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் முதன்முதலாக உடைந்தது.

"வேலயப் பொறகு பாப்பம்," என்றார். "நீங்க இஞ்ச வந்து எனக்கிட்டச் சொல்லி என்ன? நான் உண்மைதானே சொன்னன், எனக்குத் தெரியும். சிரிச்ச இடத்தில போய்ச் சொல்லுங்க."

தேத்தண்ணீரைக் குடித்து முடித்தேன், எழும்பி, லைட்டை நான் இருந்த கதிரையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் கடப்பைத் தாண்டும்போது கயிற்றை இழுத்துக் கட்டுகிற சத்தம் மறுபடி கேட்டது.

ஒழுங்கையால் நடந்து வரும்போது, நாளைக்கு ஆசிரியர் அறையில் எப்படித் தொடங்குவது என்று வசனம் யோசித்துக்கொண்டே வந்தேன். எப்படிச் சொன்னாலும் அவர்கள் முதலில் சிரிப்பார்கள். சிரித்து முடித்தபின் அந்தப் பேரை விட்டுவிடுவார்களா என்றால், எங்கள் ஊரை எனக்குத் தெரியும். சந்திக்கு வந்ததும் அந்தக் கடைக்காரப் பெண் தலையை வெளியே நீட்டினாள்.

உறைஞ்ச லைட் வீட்டில் இருந்தாரா என்று கேட்டாள்.

நான் நின்றேன். "லைட் உறையல்ல," என்றேன். "எண்ணதான் உறைஞ்ச. எண்ணையப் போட்டது அவரில்ல, அந்த மனுசன் ஒரு பொய்யும் சொல்லல்ல."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கையில் பை, கண்ணாடி, பள்ளிக்கூடத்துச் சாரி. கதையில் இன்னொரு ஆளும் இருந்தது அவளுக்கு நினைவு வந்துவிட்டது.

"அப்ப அந்த டீச்சர் நீங்கதானா?" என்றாள்.

நிந்தவூருக்குப் போகிற பஸ் வந்து எனக்குப் பக்கத்தில் நின்றது. நடத்துனர் ஏறச் சொல்லிக் கதவைத் தட்டினார். கடைக்குள்ளிருந்து இன்னும் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"ஓம்," என்றேன். பஸ்ஸைப் போகவிட்டு, எண்ணெய்ப் போத்தலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.